கார்ட் சாகவில்லை, பெயர்தான் மாறியிருக்கிறது: லினக்ஸில் வன்பொருள் கோளாறு பார்க்கும் முறை

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பக்கம் ஒரு ரியூஷன் நிலையம். மாணவர்களுக்கு எட்டுக் கணினி. அந்த எட்டுக்கும் பாடக் கோப்புகளைக் கொடுக்க உபுண்டு சேர்வர் போட்ட ஒரு பழைய டெஸ்க்டொப். அதைப் பார்த்துக்கொள்ளும் தம்பி ஒரு சனிக்கிழமை மாலை, பாவித்த கிராஃபிக்ஸ் கார்ட் ஒன்றை அதற்குள் செருகினார். ஞாயிறு காலை ஒரு கணினிக்கும் கோப்பு வரவில்லை. "அண்ணை, நெட்வேர்க் கார்ட் செத்துப்போச்சு போல கிடக்கு" என்று எனக்குப் போன் எடுத்தார். நான் போய்ச் சேர்வதற்குள் கடைக்குப் போய் யூஎஸ்பி லான் அடப்டர் ஒன்றையும் வாங்கி வந்திருந்தார். அதுவும் வேலை செய்யவில்லை. அடுத்ததாக மதர்போர்ட்டில் சந்தேகம். உபுண்டுவை அழித்துத் திரும்பப் போட பென்டிரைவ் தயாராகிக்கொண்டிருந்தது.

நான் ஒரு கட்டளையை அடித்து, வந்த வரிகளை வாசித்தேன். நெட்வேர்க் கார்ட் உயிரோடுதான் இருந்தது. வெள்ளிக்கிழமை வரை அதன் பெயர் ஈஎன்பி2எஸ்0. கிராஃபிக்ஸ் கார்ட் வந்த பிறகு ஈஎன்பி3எஸ்0. நிலையான ஐபி முகவரியோ பழைய பெயருக்கு எழுதப்பட்டிருந்தது. புதிதாக வாங்கிய அடப்டரைப் பற்றி அமைப்புக் கோப்பில் ஒரு சொல்லும் இல்லை, ஆகவே அதுவும் சும்மா இருந்தது. கோப்பில் 2 என்பதை 3 ஆக்கியதும் எட்டுக் கணினிக்கும் பாடம் வந்தது.

அந்தத் தம்பியைப் போல இப்போதுதான் லினக்ஸில் கால் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். யாழ்ப்பாணத்தில் நாம் லினக்ஸ் போடும் இயந்திரங்களில் பெரும்பாலானவை பாவித்தவை. காசு கொடுத்து ஒரு பாகத்தை மாற்றுவதற்கு முன், அல்லது எல்லாவற்றையும் அழித்துத் திரும்பப் போடுவதற்கு முன், லினக்ஸின் கருவாக இருந்து வன்பொருளோடு பேசும் கேர்னல் என்ன சொல்கிறது என்று கேட்கப் பழகவேண்டும். அது அநேகமாகச் சொல்லிவிட்டுத்தான் இருக்கும்.

கட்டளைகளைப் பற்றி ஒரு சொல். இங்கே எல்லாவற்றையும் தமிழில் ஒலித்தபடி எழுதியிருக்கிறேன். நீங்கள் விசைப்பலகையில் அடிக்கும்போது ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் அடிக்க வேண்டும். டிஎம்இஎஸ்ஜி என்றால் டி, எம், இ, எஸ், ஜி என்ற ஐந்து எழுத்து. எல்எஸ்பிசிஐ என்பதும் அப்படியே. சூடோ, லிங்க் போன்றவை சொற்கள்.

முதலில் கையால் செய்யும் வேலை

விசைப்பலகையைத் தொடுவதற்கு முன் மின்சார வயரைச் சுவரிலிருந்து கழற்றுங்கள். லப்டொப் என்றால், கழற்றக்கூடிய பற்றரியாக இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். பிறகு பவர் பொத்தானைப் பதினைந்து செக்கன் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கியிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். கரண்ட் போய்ப் போய் வந்த நாட்களிலும், அதே இயந்திரத்தில் விண்டோஸும் இருக்கும்போதும், நெட்வேர்க் கார்ட் பாதி உறக்கத்தில் நின்றுவிடுவது உண்டு. சும்மா ரீஸ்டார்ட் செய்தால் கார்டுக்குப் போகும் மின்சாரம் நிற்காது, அதனால் அது தெளியாது. இதைச் செய்தே நான் பல "செத்த" கார்ட்டுகளை எழுப்பியிருக்கிறேன்.

அடுத்து கேபிள். கேபிளைச் செருகும் இடத்தில் சின்ன விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரியவில்லை என்றால் வேலை செய்வது நிச்சயம் என்று தெரிந்த வேறொரு கேபிளைப் போட்டுப் பாருங்கள். குருநகர், காரைநகர், ஊர்காவற்றுறை, பருத்தித்துறை என்று கடலுக்குக் கிட்ட இருக்கும் வீடுகளில் உப்புக்காற்று செம்பு முனைகளில் மெல்லிய படலமாகப் படியும். ரேமையும் கார்டையும் கழற்றி, தங்க நிற முனைகளை அழிரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளைத் துடைத்துவிட்டுத் திரும்பச் செருகுங்கள். செலவில்லாத வைத்தியம். கழற்றுவதற்கு முன் கேஸின் இரும்பை ஒரு தரம் தொட்டு, உடம்பிலிருக்கும் நிலைமின்சாரத்தை இறக்கிவிடுங்கள்.

கேர்னலின் குறிப்பை வாசிப்பது

இயந்திரம் எழும்பும் நேரத்திலிருந்து கேர்னல் தான் கண்ட ஒவ்வொரு சாதனத்தையும், பட்ட ஒவ்வொரு சிக்கலையும் வரிவரியாக எழுதிக்கொண்டே வரும். அதைப் பார்க்கும் கட்டளை "சூடோ டிஎம்இஎஸ்ஜி". சூடோ என்றால் நிர்வாகியின் அனுமதியோடு ஓட்டு என்று பொருள், இப்போது பல வெளியீடுகளில் அது இல்லாமல் இந்தக் கட்டளை ஓடாது. அதனோடு "-டி" என்று பெரிய எழுத்தில் டி சேர்த்தால் ஒவ்வொரு வரிக்கும் நாளும் மணியும் வரும். ஆயிரக்கணக்கான வரிகள் வந்து மிரட்டினால் "--லெவல்=எரர்,வார்ன்" என்று சேருங்கள், அங்கே எரர் என்பது ஈ, ஆர், ஆர் என்ற மூன்று எழுத்து மட்டும். தவறுகளும் எச்சரிக்கைகளும் மாத்திரம் மிஞ்சும்.

இயந்திரம் திடீரென்று உறைந்து, நீங்கள் அணைத்துப் போட்டிருந்தால், இந்த முறை எழும்பியதன் குறிப்பில் அதற்கான காரணம் இராது. போன முறை எழும்பியதன் குறிப்பு வேண்டும். அதற்கு "ஜேர்னல்சிடிஎல் -கே -பி -1" என்று அடியுங்கள். கடைசி இருபது முப்பது வரிகளைக் கவனமாக வாசியுங்கள்.

குறிப்பில் வரும் எதிர்மறை எண்கள் புதியவர்களைக் குழப்பும். நாலைந்தை மட்டும் மனதில் வைத்திருந்தால் போதும். -2 என்றால் கேட்ட கோப்பு இல்லை. ஃபேர்ம்வெயர், அதாவது சிப்புக்குள் போகும் சின்ன மென்பொருள், ஏற்றும் வரியில் இது வந்தால் விடை கையில் கிடைத்த மாதிரித்தான். -5 என்றால் படிக்கவோ எழுதவோ முடியவில்லை. -19 என்றால் அப்படி ஒரு சாதனமே இல்லை. -71 என்றால் சாதனம் பேசிய முறை பிழை, -110 என்றால் பதில் வரும் வரை பார்த்திருந்து நேரம் முடிந்துவிட்டது. கடைசி இரண்டும் யூஎஸ்பி வரிகளில் அடிக்கடி வரும். அப்போது டிரைவரை, அதாவது சாதனத்தை இயக்கும் மென்பொருளை, தேடி அலையாதீர்கள். கேபிளையும் போர்ட்டையும் மாற்றுங்கள், நீட்டிப்பு வயர் போட்டிருந்தால் அதை எடுத்துவிடுங்கள், டெஸ்க்டொப் என்றால் முன்பக்கப் போர்ட்டை விட்டுப் பின்பக்கத்தில் செருகுங்கள்.

எல்லா எச்சரிக்கைக்கும் பயப்படவும் தேவையில்லை. பழைய லப்டொப்களில் ஏசிபிஐ பயோஸ் எரர் என்று சிவப்பாகச் சில வரிகள் வரும். தயாரித்தவர் பயோஸை, அதாவது லினக்ஸுக்கு முன்னால் எழும்பும் மென்பொருளை, ஒழுங்காக எழுதவில்லை என்று கேர்னல் முறையிடுகிறது, அவ்வளவுதான். இயந்திரம் நன்றாக ஓடினால் அதைக் கடந்துபோகலாம். கரண்ட் போய் வந்த பிறகு ஈஎக்ஸ்டி4 ஜேர்னலை மீட்கிறேன் என்று ஒரு வரி வந்தால் அது நல்ல செய்தி. கோப்பு முறைமை தன்னைத் தானே சரிசெய்துகொண்டது.

எனக்கு மிகப் பிடித்த உத்தி இது. "சூடோ டிஎம்இஎஸ்ஜி -டபிள்யூ" என்று அடித்தால் கட்டளை முடியாமல் காத்திருக்கும். அப்படியே விட்டுவிட்டு, சந்தேகப்படும் யூஎஸ்பி சாதனத்தைச் செருகுங்கள். செருகிய கணத்தில் வரும் வரிகள் அந்தச் சாதனத்தைப் பற்றியவை மட்டுமே. ஒரு வரியும் வரவில்லை என்றால் மின்சாரமே அதற்குப் போகவில்லை, அல்லது சாதனம் இறந்துவிட்டது. பென்டிரைவையும் வைஃபை டொங்கிளையும் கடையில் வாங்கும்போதே லப்டொப்பைக் கொண்டுபோய் இப்படிப் பார்த்து வாங்குகிறேன்.

சாதனம் தெரிகிறதா, டிரைவர் சேர்ந்திருக்கிறதா

மதர்போர்ட்டில் இருக்கும் கார்ட்டுகளுக்கு "எல்எஸ்பிசிஐ -என்என்கே", யூஎஸ்பியில் செருகியவைக்கு "எல்எஸ்யூஎஸ்பி". முதலாவது கட்டளை ஒவ்வொரு கார்டுக்கும் முகவரி, பெயர், சதுர அடைப்புக்குள் ஓர் அடையாள எண், பாவனையில் இருக்கும் டிரைவர் என்று காட்டும். அடையாள எண்ணின் முதல் நான்கு எழுத்து தயாரிப்பாளர். 8086 என்றால் இன்டெல், 10ஈசி என்றால் ரியல்டெக், 14ஈ4 என்றால் புரோட்கொம், 168சி என்றால் குவால்கொம் எத்தரோஸ். அடுத்த நான்கு அந்தச் சிப்பின் மாதிரி. பெட்டியில் என்ன பெயர் அச்சடித்திருந்தாலும் உண்மை இந்த எட்டு எழுத்தில்தான் இருக்கிறது. ஒரே பெட்டி, ஒரே மாதிரிப் பெயர், உள்ளே வேறு வேறு சிப் என்பது வைஃபை டொங்கிள்களில் வெகு சாதாரணம்.

பட்டியலில் உங்கள் கார்ட் இல்லையா? அப்படியானால் மென்பொருளால் செய்யக்கூடியது குறைவு. பயோஸுக்குள் போய் ஒன்போர்ட் லான் நிறுத்தப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பட்டியலில் இருந்தும் வரியின் முடிவில் "ரெவ் எஃப்எஃப்" என்று இருந்தால், கார்ட் கேள்விக்குப் பதில் சொல்லாமல் கிடக்கிறது என்று பொருள். மேலே சொன்ன மின்சாரம் வடிக்கும் வேலையைச் செய்து பாருங்கள். அதற்கும் எழும்பவில்லை என்றால், ஐப்பசி கார்த்திகை மின்னலுக்குப் பிறகு என்றால், அநேகமாக அது எரிந்துவிட்டது. ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்கு முற்றத்துக்கு மேலால் செம்புக் கேபிள் இழுத்திருப்பவர்கள் இந்த மாதங்களில் இடி முழங்கத் தொடங்குவதற்கு முன்பே அதைக் கழற்றிவிடுங்கள். மின்சார வயரைக் கழற்றிவிட்டு நெட்வேர்க் கேபிளை மறந்து கார்டைப் பறிகொடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

பட்டியலில் இருக்கிறது, ஆனால் "கேர்னல் டிரைவர் இன் யூஸ்" என்ற வரி கீழே இல்லையா? இதுதான் நாம் சரிசெய்யக்கூடிய இடம். கீழே "கேர்னல் மொடியூல்ஸ்" என்று ஒரு பெயர் காட்டினால் "சூடோ மொட்புரோப்" என்று அடித்து அந்தப் பெயரைக் கொடுத்துப் பாருங்கள். "கீ வோஸ் ரிஜெக்டட்" என்று பதில் வந்தால் கையொப்பமில்லாத மென்பொருளை ஏறவிடாத செக்கியூர் பூட் என்ற காவல் அந்த டிரைவர் மொடியூலைத் தடுக்கிறது. கேர்னலோடு வராமல் வெளியிலிருந்து நீங்கள் சேர்த்த டிரைவர்களுக்கே இது நடக்கும். பயோஸில் செக்கியூர் பூட்டை நிறுத்தலாம், அல்லது நிறுவும்போது கேட்கும் கடவுச்சொல்லை வைத்து அடுத்த தொடக்கத்தில் வரும் நீலத் திரையில் சாவியைப் பதியலாம். பலர் அந்த நீலத் திரையைக் கண்டு பயந்து "தொடர்" என்று அழுத்திவிடுகிறார்கள். பிறகு டிரைவர் ஏன் ஏறவில்லை என்று தெரியாமல் முழிக்கிறார்கள்.

பாவித்த லப்டொப்களில் நான் அடிக்கடி காணும் இரண்டைச் சொல்லிவிடுகிறேன். அடையாளம் 14ஈ4:4365 என்றால் அது புரோட்கொம் 43142 சிப். கேர்னலில் அதற்கு டிரைவர் இல்லை. உபுண்டுவில் "அடிஷனல் டிரைவர்ஸ்" என்ற பகுதியில் தனியாக நிறுவவேண்டும். 10ஈசி:பி723 என்றால் ரியல்டெக் 8723பிஈ. டிரைவர் ஏறும், வைஃபை பட்டியல் வரும், ஆனால் ரவுட்டருக்குப் பக்கத்தில் போனால்தான் பிடிக்கும். சில லப்டொப்களில் ஒரே ஒரு அன்ரெனா மட்டும் பொருத்தி, டிரைவர் மற்றப் பக்கத்தில் தேடுவதுதான் காரணம். அமைப்புக் கோப்புகள் இருக்கும் ஈடிசி கோப்புறைக்குள், மொட்புரோப்.டி என்ற கோப்புறையில், பெயர் .கொன்ஃப் என்று முடியும் ஒரு கோப்பை உருவாக்கி, "ஒப்ஷன்ஸ் ஆர்டிஎல்8723பிஈ ஏஎன்டி_எஸ்ஈஎல்=1" என்று எழுதி ரீஸ்டார்ட் செய்யுங்கள். சரிவரவில்லை என்றால் 1 ஐ 2 ஆக்குங்கள். கடையில் திருப்பிக் கொடுக்கப் போன ஒரு லப்டொப் இந்த ஒரு வரியால் வீட்டிலேயே தங்கியது.

யாரோ எழுதிய டிரைவரை இணையத்தில் தேடி எடுத்துக் கம்பைல் செய்வதைக் கடைசி வழியாக மட்டும் வையுங்கள். இன்று ஓடும். அடுத்த மாதம் கேர்னல் புதுப்பித்ததும் நின்றுவிடும். அப்படிச் செய்தே ஆகவேண்டுமென்றால் டிகேஎம்எஸ் முறையில் நிறுவுங்கள், கேர்னல் மாறும்போதெல்லாம் அதுவே திரும்பக் கட்டிக்கொள்ளும். யூஎஸ்பி வைஃபை வாங்கப் போகிறீர்கள் என்றால் கேர்னலுக்குள்ளேயே டிரைவர் இருக்கும் சிப்பைப் பார்த்து வாங்குவது எவ்வளவோ மேல்.

ஃபேர்ம்வெயர் இல்லை, இணையமும் இல்லை

டிரைவர் சேர்ந்திருக்கிறது, ஆனாலும் குறிப்பில் "டைரக்ட் ஃபேர்ம்வெயர் லோட்" என்று தொடங்கி "எரர் -2" என்று முடியும் வரி இருக்கிறது. கார்டின் சிப்புக்குள் ஏற்றவேண்டிய ஒரு சின்னக் கோப்பு உங்கள் டிஸ்க்கில் இல்லை என்று பொருள். எந்தக் கோப்பு என்றும் அதே வரி சொல்லும். உபுண்டுவின் தாய் வெளியீடான டெபியனில் ரியல்டெக்குக்கு ஒன்று, இன்டெல் வைஃபைக்கு ஒன்று என்று தனித்தனிப் பொதிகள் இருக்கின்றன. 2023இல் வந்த டெபியன் 12 முதல் நிறுவும் படிமத்திலேயே இவை சேர்ந்து வருகின்றன. அதற்கு முந்தியதைப் போட்டவர்களுக்குத்தான் இந்தத் தொல்லை அதிகம். உபுண்டுவில் லினக்ஸ்-ஃபேர்ம்வெயர் என்ற பொதி, அது பெரியது, சில நூறு மெகாபைட். டேட்டாவைப் பார்த்துத் தரவிறக்குங்கள்.

இணையம் வர ஃபேர்ம்வெயர் வேண்டும், ஃபேர்ம்வெயர் எடுக்க இணையம் வேண்டும். இந்த முடிச்சை அவிழ்க்க உங்கள் சட்டைப்பையில் இருக்கும் அண்ட்ரொயிட் போன் போதும். டேட்டா வயரால் இணைத்து, போனின் அமைப்பில் யூஎஸ்பி டெதரிங்கைப் போடுங்கள். லினக்ஸுக்கு அது ஒரு வயர் நெட்வேர்க் கார்ட் மாதிரித் தெரியும், அதற்கான டிரைவர் கேர்னலிலேயே இருக்கிறது. டெஸ்க்டொப் வெளியீடுகளில் ஒன்றும் செய்யாமலே இணைப்பு வந்துவிடும். சார்ஜ் மட்டும் போகும் மலிவு வயரால் இது நடக்காது. போன் டெதரிங் பொத்தானை அழுத்த விடவில்லை என்றால் முதலில் வயரைச் சந்தேகியுங்கள்.

பழைய இயந்திரத்தில் இந்த இடத்தில் இன்னொரு பொறி இருக்கிறது. மதர்போர்ட்டில் இருக்கும் காசு வடிவப் பற்றரி இறந்திருந்தால், கரண்ட் போய் வரும்போது திகதி பல வருடம் பின்னுக்குப் போய்விடும். பிறகு பொதி எடுக்கப் போனால் "இன்னும் செல்லுபடியாகவில்லை" என்று மறுக்கும், இணையப் பக்கங்கள் எல்லாம் சான்றிதழ் பிழை காட்டும். நெட்வேர்க் பழுது என்று நினைத்து நாள் முழுக்கத் தேடுவீர்கள். "டேட்" என்று அடித்துத் திகதியைப் பாருங்கள். பற்றரியின் பெயர் சிஆர்2032, சின்னக் கடைகளிலும் கிடைக்கும்.

பெயர் எங்கிருந்து வருகிறது

முன்பு கேர்னல் தான் கண்ட வரிசையில் ஈடிஎச்0, ஈடிஎச்1 என்று பெயர் வைத்தது. வைஃபைக்கு டபிள்யூலான்0. ஒரு கார்ட் மட்டும் இருந்தால் பிரச்சினை இல்லை. இரண்டு இருந்தால், இரண்டு டிரைவரும் ஒரே நேரத்தில் ஏறும்போது எது முந்துகிறதோ அதற்கு 0. இன்று ஒன்று முந்தும், நாளை மற்றது முந்தும். ஒரு கார்ட் இணையத்தைப் பார்த்தபடியும் மற்றது வகுப்பறையைப் பார்த்தபடியும் இருக்கும் இயந்திரத்தில் பெயர் இடம் மாறினால், உள்ளுக்குப் போட்ட கதவு வெளிப்பக்கம் திறந்துவிடும். கார்டுக்குள் பதிந்திருக்கும் தனி எண்ணான மேக் முகவரியைக் கோப்பில் எழுதிப் பெயரைப் பூட்டி வைக்கும் முறை ஒன்று இடையில் இருந்தது. ஆனால் கேர்னலும் அந்த முறையும் ஈடிஎச்0 என்ற ஒரே பெயருக்கு அடிபட்டுக்கொண்டன. இயந்திரம் எழும்பும்போது சேவைகளைத் தொடக்கிவைக்கும் சிஸ்டம்டி, 2013 ஜனவரியில் வந்த 197ஆம் பதிப்பில் வேறு வழி எடுத்தது. வந்த வரிசையை விட்டு, இருக்கும் இடத்தைப் பெயராக்கியது.

நம் ஊரில் வீட்டுக்கு வழி சொல்வதும் இப்படித்தான். ஆளின் பெயரோ வீட்டு இலக்கமோ கேட்பதில்லை. கோயிலடியால் திரும்பி, மூன்றாம் ஒழுங்கை, முதல் படலை என்போம். ஈஎன்பி3எஸ்0 என்ற பெயரையும் அப்படி வாசியுங்கள். ஈஎன் என்றால் ஈதர்நெட், வயர். பி3 என்றால் மதர்போர்ட்டில் கார்ட்டுகள் சேரும் பிசிஐயில் 3 என்ற எண்ணுள்ள பஸ் (தரவு போகும் பாதை), அதுதான் ஒழுங்கை. எஸ்0 என்றால் அந்த ஒழுங்கையில் 0 என்ற படலை. வைஃபை என்றால் முன்னெழுத்து டபிள்யூஎல், சிம் போடும் மொடெம் என்றால் டபிள்யூடபிள்யூ. மதர்போர்ட்டில் பதிந்த கார்டுக்கு பயோஸே ஓர் எண் கொடுத்திருந்தால் ஈஎன்ஓ1 என்று வரும், அதுவே எல்லாவற்றிலும் முன்னுரிமை பெறும். ஈஎன்எக்ஸ் என்று தொடங்கிப் பன்னிரண்டு எழுத்து நீளமாக இருந்தால் அந்தப் பன்னிரண்டும் மேக் முகவரி. டெபியனிலும் உபுண்டுவிலும் யூஎஸ்பி அடப்டர்களுக்கு அநேகமாக இதுதான் வரும். எண்ணிப் பார்த்தால் மொத்தம் பதினைந்து எழுத்து. லினக்ஸ் ஒரு நெட்வேர்க் பெயருக்கு அனுமதிக்கும் நீளமும் சரியாக அவ்வளவே.

எல்எஸ்பிசிஐ காட்டும் முகவரியோடு இதை ஒப்பிடும்போது ஓர் இடத்தில் பலரும் தடுமாறுகிறார்கள். எல்எஸ்பிசிஐ பஸ் எண்ணைப் பதினாறடிமானத்தில் எழுதும், பெயரிலோ அது நாம் எண்ணும் பத்தடிமானத்தில் வரும். எல்எஸ்பிசிஐயில் 0ஏ:00.0 என்று இருப்பது பெயரில் ஈஎன்பி10எஸ்0. 03:00.0 என்றால் ஈஎன்பி3எஸ்0.

இனி அந்த ரியூஷன் நிலையத்துக்கு வருவோம். கிராஃபிக்ஸ் கார்ட் வந்தது, புதிதாக ஓர் ஒழுங்கை வெட்டியது போல. பஸ்களுக்கு எண் கொடுப்பது இயந்திரம் எழும்பும்போது வரிசையாக நடக்கிறது. முன்னால் ஒன்று புகுந்தால் பின்னால் இருப்பவை ஒவ்வொன்று தள்ளிப்போகும். என்விஎம்ஈ டிஸ்க் ஒன்றைச் செருகினாலும், சிலவேளை பயோஸைப் புதுப்பித்தாலும் இதே கதைதான். கார்ட் அசையவில்லை, அதன் முகவரி அசைந்துவிட்டது. கணிக்கக்கூடிய பெயர் என்று இதற்குப் பெயர் வைத்திருந்தாலும், கேஸைத் திறந்து ஒன்றைச் செருகிய நாளில் அந்த வாக்கை நம்பக்கூடாது என்பது என் அனுபவம்.

சரிசெய்வது இப்படி. முதலில் "சூடோ டிஎம்இஎஸ்ஜி" கொடுக்கும் வரிகளில் "ரீநேம்ட் ஃப்ரம்" என்பதைத் தேடுங்கள். கார்டின் முகவரி, இப்போதைய பெயர், கேர்னல் முதலில் வைத்த ஈடிஎச்0 என்ற பெயர் மூன்றும் ஒரே வரியில் இருக்கும். அடுத்து "ஐபி -பிஆர் லிங்க்" என்று அடித்தால் ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு வரி வரும்: பெயர், நிலை, மேக் முகவரி, கடைசியில் அடைப்புக்குள் சில சொற்கள். நிலை டவுன் என்று இருக்கும்போது அந்தக் கடைசிச் சொற்களைக் கவனியுங்கள். "நோ-கேரியர்" என்று இருந்தால் கார்ட் எழுப்பப்பட்டிருக்கிறது, கேபிளில்தான் குறை. "நோ-கேரியர்" உம் இல்லை, "அப்" என்ற சொல்லும் இல்லை என்றால் அந்தக் கார்டை எழுப்ப ஒருவரும் கட்டளையிடவில்லை. அப்படியானால் அமைப்புக் கோப்பில் வேறு பெயர் இருக்கிறது.

உபுண்டு சேர்வரில் அந்தக் கோப்பு ஈடிசிக்குள் நெட்பிளான் கோப்புறையில் இருக்கும். பழைய பெயரை அழித்துப் புதியதை எழுதுங்கள். வரியின் முன்னால் இருக்கும் வெற்றிடங்களை மாற்றாதீர்கள், டேப் விசையைத் தொடாதீர்கள். சேமித்த பிறகு "சூடோ நெட்பிளான் ட்ரை" என்று அடியுங்கள். 120 செக்கனுக்குள் நீங்கள் சம்மதிக்கவில்லை என்றால் அது பழைய அமைப்புக்கே திரும்பிவிடும், தூரத்திலிருந்து வேலை செய்பவர்களுக்கு இது பெரிய ஆறுதல். டெபியனில் ஈடிசிக்குள் நெட்வேர்க் கோப்புறையில் இன்டர்ஃபேசஸ் என்ற கோப்பு. அங்கே பெயர் இரண்டு இடத்தில் இருக்கும், "ஓட்டோ" அல்லது "அலவ்" என்று தொடங்கும் வரியிலும் "ஐஃபேஸ்" என்று தொடங்கும் வரியிலும். ஐஃபேஸ் வரியை மட்டும் மாற்றி மற்றதை மறந்தால் கையால் எழுப்பும்போது வரும், ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு வராது.

ஒவ்வொரு முறையும் இப்படிக் கோப்பைத் திருத்தாமல் இருக்க, பெயரை நீங்களே வைத்துவிடுங்கள். ஈடிசிக்குள் சிஸ்டம்டி, அதற்குள் நெட்வேர்க் கோப்புறை. அங்கே 10-லான்0.லிங்க் என்று ஒரு கோப்பு உருவாக்குங்கள். முதல் வரியில் சதுர அடைப்புக்குள் மேட்ச், அடுத்த வரியில் மேக்அட்ரஸ், சமக்குறி, உங்கள் கார்டின் மேக் முகவரி. பிறகு சதுர அடைப்புக்குள் லிங்க், அடுத்த வரியில் நேம், சமக்குறி, லான்0. இந்த ஒரு கோப்பில் மட்டும் பெரிய எழுத்து முக்கியம்: மேட்ச், லிங்க், நேம் மூன்றுக்கும் முதலெழுத்து பெரிது, மேக்அட்ரஸில் எம், ஏ, சி மூன்றும் அதற்கடுத்த ஏயும் பெரிது. கோப்பின் பெயர் 10 என்று தொடங்குவது, 99 என்று தொடங்கும் இயல்புக் கோப்புக்கு முன்னால் இதை வாசிக்க வைப்பதற்காக. சேமித்து, "சூடோ அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ" என்று அடித்து, நெட்பிளானிலும் லான்0 என்று மாற்றி, ரீஸ்டார்ட் செய்யுங்கள். இனி எத்தனை கார்ட் செருகினாலும் அதன் பெயர் லான்0தான். ஈடிஎச்0 என்று மட்டும் வைக்காதீர்கள், கேர்னலோடு பழைய அடிபாடு திரும்பவும் தொடங்கும்.

கேர்னல் தொடக்க வரியில் "நெட்.ஐஃப்நேம்ஸ்=0" என்று சேர்த்தால் பழைய ஈடிஎச்0 முறையே திரும்பி வரும் என்று பல இடங்களில் ஆலோசனை சொல்வார்கள். உண்மைதான். ஒரே ஒரு கார்ட் உள்ள வீட்டு இயந்திரத்துக்கு அது போதும். இரண்டு கார்ட் உள்ள இயந்திரத்தில் அதைச் செய்வதை நான் ஏற்கமாட்டேன்.

பெயர் சரி, இணைப்பு மந்தம்

"சூடோ ஈத்டூல்" என்று அடித்துப் பெயரைக் கொடுங்கள். கீழே "லிங்க் டிடெக்டட்" என்பதற்கு யெஸ் என்றும், "ஸ்பீட்" என்பதில் 1000 என்றும் இருக்கவேண்டும். ஜிகாபிட் கார்டும் ஜிகாபிட் ரவுட்டரும் இருந்தும் 100 என்று நின்றால் கேபிளின் தலையைப் பாருங்கள். 100க்கு இரண்டு சோடிக் கம்பி போதும், 1000க்கு நான்கு சோடியும் ஒழுங்காகத் தொடவேண்டும். கையால் அடித்த தலைகளில் ஒரு கம்பி உள்ளே எட்டாமல் நிற்பது சகஜம். வெட்டிவிட்டுப் புதிதாக அடித்தால் சரியாகும். ஒரு ஓட்டம் 100 மீற்றரைத் தாண்டவும் கூடாது. டிஎம்இஎஸ்ஜியில் "லிங்க் இஸ் டவுன்", "லிங்க் இஸ் அப்" என்று மாறி மாறி வந்துகொண்டிருந்தாலும் குற்றவாளி பெரும்பாலும் அதே தலைதான்.

வைஃபை என்றால் "ஆர்எஃப்கில் லிஸ்ட்". சொஃப்ட் புளொக்ட் என்பதில் யெஸ் இருந்தால் "சூடோ ஆர்எஃப்கில் அன்புளொக் ஓல்". ஹார்ட் புளொக்ட் யெஸ் என்றால் கட்டளையால் முடியாது, லப்டொப்பின் பக்கவாட்டில் ஒரு சின்ன ஆளி அல்லது மேல்வரிசை விசை ஒன்று இருக்கும்.

டிஸ்க், ரேம்

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கே செய்யக்கூடியது குறைவு. குறிப்பில் "ஐ/ஓ எரர்" என்று டிஸ்க்கின் பெயரோடு வந்தால் வேறெதையும் செய்யாமல் முதலில் முக்கியமான கோப்புகளை வேறிடத்துக்குப் பிரதியெடுங்கள். பிறகு "சூடோ ஸ்மார்ட்சிடிஎல் -ஏ" என்று அடித்து டிஸ்க்கின் பெயரைக் கொடுங்கள். 5ஆம் இலக்கமும் 197ஆம் இலக்கமும் ஏறிக்கொண்டே போனால் டிஸ்க் போகப்போகிறது. 199 மட்டும் ஏறினால் டிஸ்க் நல்லது, சாட்டா கேபிள்தான் கெட்டது. இந்த ஒரு வித்தியாசம் தெரியாமல் எத்தனையோ நல்ல டிஸ்க்குகள் எறியப்படுகின்றன. நேரத்துக்கு ஒரு மாதிரி, காரணமில்லாமல் இயந்திரம் விழுந்தால் மெம்டெஸ்ட்86+ஐ பென்டிரைவில் போட்டு ஓர் இரவு முழுக்க ஓடவிடுங்கள். ஒரே ஒரு சிவப்பு வரி வந்தாலும் அந்த ரேமை எடுத்துவிடவேண்டும். சித்திரை வெயிலில் மட்டும் விழுந்தால் குறிப்பில் "டெம்பரேச்சர் அபவ் த்ரெஷோல்ட்" என்று தேடுங்கள். விசிறியின் தூசியைத் தட்டி, காய்ந்த வெப்பப் பசையை மாற்றினால் பெரும்பாலும் தீரும்.

உதவி கேட்கும்போது

திரையைப் போனால் படம் பிடித்து அனுப்பாதீர்கள். ஆடிய படத்தில் எண்ணும் தெரியாது, அதை வைத்துத் தேடவும் முடியாது. "சூடோ டிஎம்இஎஸ்ஜி" என்பதற்குப் பின்னால் பெரிது என்ற குறியும் ஒரு கோப்புப் பெயரும் போட்டால் எல்லா வரியும் அந்தக் கோப்புக்குள் போய்விடும். எல்எஸ்பிசிஐக்கும் அப்படிச் செய்யுங்கள். இரண்டு கோப்பையும் அனுப்பி, கோளாறு எப்போது தொடங்கியது, அதற்கு முதல் நாள் என்ன செருகினீர்கள், எதைப் புதுப்பித்தீர்கள் என்று இரண்டு வரி எழுதுங்கள். அந்தத் தம்பி கிராஃபிக்ஸ் கார்ட் செருகியதைப் போனில் சொல்லியிருந்தால் நான் நேரில் போகவே தேவைப்பட்டிராது.

அன்று கிளம்புவதற்கு முன் அந்த டெஸ்க்டொப்பின் பக்கவாட்டில் ஒரு வெள்ளை ஒட்டியை ஒட்டி, நெட்வேர்க் கார்டின் மேக் முகவரி, மேலே சொன்னபடி வைத்த லான்0 என்ற பெயர், ஐபி முகவரி, கேஸைக் கடைசியாகத் திறந்த திகதி நான்கையும் பேனையால் எழுதிவைத்தோம். யூஎஸ்பி அடப்டரைத் தம்பி வீணாக்கவில்லை. வைஃபை பழுதான ஒரு லப்டொப்பில் அது இப்போது வேலை செய்கிறது.